தலைக்கு 500... யார் தலையில?

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து போன ஏப்ரல் மாசத்துக்குத் தள்ளிப் பாருங்க. கண்டிப்பா ஒரு லிஸ்ட் இருக்கும். ரோல் நம்பர், பேர், பக்கத்துல பச்சை டிக். கடைசியில, "டிக் இல்லாதவங்க இன்னைக்கு நைட்டுக்குள்ள ஜிபே பண்ணிடுங்க, ப்ளீஸ்"னு ஒரு வரி. அதுக்கு அப்புறம் ரெண்டு கும்பிடு எமோஜி.

எங்க கிளாஸ்ல அந்த லிஸ்ட்டைப் போட்டது நான்தான். ரெண்டு வருஷமா கலெக்‌ஷன் என் பொறுப்பு. "வந்துட்டாண்டா வசூல் ராஜா"ன்னு கேன்டீன்ல என்னைப் பார்த்து எழுந்து ஓடினவங்களை எனக்குத் தெரியும். அதனால இது யாரையோ குறை சொல்ற கட்டுரை இல்லை. முதல்ல என்னை நானே சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட வர்றேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். காலேஜ் ஃபீஸை நம்மால குறைக்க முடியாது. பஸ் டிக்கெட்டையும் டீ விலையையும் குறைக்க முடியாது. ஆனா "தலைக்கு இவ்வளவு"ன்னு நாமளே நம்ம மேல போட்டுக்குற வசூல் இருக்கே, அதை இந்த செமஸ்டரே மாத்த முடியும். மாத்தியே ஆகணும்.

ஒரு நாள் செலவு

முதல்ல தினசரிக் கணக்கைப் பார்ப்போம். நீங்க டே ஸ்காலர்னா காலையில ஈசிஆர்ல நின்னு பஸ் பிடிக்கிறீங்க. பொண்ணுங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட் இல்லை. ஆனா அவசரத்துக்கு வர்றது பெரும்பாலும் மொஃபஸல் பஸ்தான். அதுல ஏறினா காசு. ஃபர்ஸ்ட் அவர் போச்சுன்னா அட்டென்டன்ஸ் போச்சு, அதனால ஏறித்தான் ஆகணும். இடைவேளையில டீ 12, சமோசா 10. ஒரு யூனிட் நோட்ஸ் 60 பக்கம், ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய்னா 120. ரெக்கார்டு நோட், கிராஃப் ஷீட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் தனி. மினி ப்ராஜெக்ட்னு வந்துட்டா இன்னும் மோசம். மீமிசல் கடைவீதியில போய் "அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. ஆன்லைன்ல போட்டா சென்சார் விலைக்குப் பக்கத்துல கூரியர் சார்ஜ் வந்து நிக்கும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா இந்தச் செலவுல எல்லாம் ஒரு வசதி இருக்கு, கவனிச்சீங்களா? கையில காசு இல்லைன்னா குறைச்சுக்கலாம். டீயை விடலாம், ஜெராக்ஸ் எடுக்காம ஃபோன்ல போட்டோ எடுத்துப் படிக்கலாம், சீனியர்கிட்ட பழைய ஆர்டுயினோ வாங்கிக்கலாம். யாருக்கும் தெரியாது.

கலெக்‌ஷன் அப்படி இல்லை. அதுல குறைச்சுக்க முடியாது. குடுக்கலைன்னா கிளாஸ் மொத்தத்துக்கும் தெரியும்.

என் நோட்டுல இருக்குறது

போன வருஷம் ஆறாவது செமஸ்டர் கணக்கு இன்னும் என் நோட்டுல இருக்கு. பொங்கல் விழா 100. ஸ்டாஃப் ஒருத்தர் கல்யாணத்துக்கு கிஃப்ட் 50. பிறந்தநாள் கேக்குக்கு பத்தும் இருபதுமா சேர்ந்து 150. சிம்போசியம் 200. டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் 350. சீனியர்ஸ் ஃபேர்வெல் 500. ஆக மொத்தம் ஒரு ஆளுக்கு 1,350 ரூபாய். ஐவி போனது இதுல சேர்த்தி இல்லை.

இதுல கடைசி மூணும், அதாவது 1,050 ரூபாய், மார்ச் கடைசியில இருந்து ஏப்ரல் 20-க்குள்ள கேட்டது. அரசுப் பள்ளியில படிச்சுட்டு காலேஜ் வந்த பொண்ணுங்களுக்கு 2022 செப்டம்பர்ல இருந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்துல அதே 1,000. நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் மாசாமாசம் அந்த மெசேஜுக்காகக் காத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். அரசாங்கம் ஒரு மாசத்துக்குக் குடுக்குறதைவிட 50 ரூபாய் அதிகமா, மூணே வாரத்துல நான் கேட்டிருக்கேன்.

இன்னொண்ணு ஞாபகம் இருக்கா? 2023 நவம்பர்ல அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கு 150 ரூபாயா இருந்த தேர்வுக் கட்டணத்தை 225-ஆ ஏத்தினப்போ தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு வந்துச்சு. அந்த செமஸ்டருக்கு உயர்வை நிறுத்தி வச்சாங்க. சரியான எதிர்ப்புதான், தப்பே இல்லை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: தாளுக்கு 75 கூடுதல்னா, ஆறு தாளுக்கு 450 ரூபாய். நம்ம ஃபேர்வெல் 500. பல்கலைக்கழகம் 450 ஏத்தினா அநியாயம், ரெப் 500 கேட்டா "மச்சான், லைஃப்ல ஒரு தடவைதானே!"

ஏப்ரல் 15

இப்போ நான் உங்ககிட்ட சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். சம்பந்தப்பட்டவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, பேர் மட்டும் வேணாம்"னான்.

கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊர் அவனுக்கு. அவங்க அப்பா சொந்தப் படகுக்காரர் இல்லை, அடுத்தவர் விசைப்படகுல பங்குக்குப் போறவர். பங்குன்னா என்னன்னு கடற்கரைப் பக்கத்துப் பசங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். மாசச் சம்பளம் கிடையாது. பிடிச்ச மீனை வித்து, டீசல், ஐஸ் செலவெல்லாம் கழிச்சு மிச்சத்துல ஆளுக்கு ஒரு பங்கு. மீன் இல்லைன்னா பங்கும் இல்லை. விசைப்படகுங்க நம்ம பக்கம் வாரத்துக்கு மூணு நாள்தான் கடலுக்குப் போகும். காத்து அடிச்சா அதுவும் இல்லை. இலங்கைக் கடற்படை நம்ம ஆளுங்களைப் பிடிச்சுட்டா மொத்த ஊரும் தொழிலுக்குப் போகாம நிக்கும்.

இதெல்லாம் போக, வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், கடலுக்கு ஓய்வு வேணும்னு கொண்டு வந்தது. முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017-ல 61 ஆச்சு. தடை நல்லதுக்குத்தான், மீனவங்களே அதை ஒத்துக்குறாங்க. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. விசைப்படகை நம்பி இருக்குற வீட்டுக்கு அந்த ரெண்டு மாசம் வருமானம் பூஜ்யம். அரசாங்கம் குடும்பத்துக்கு நிவாரணம் குடுக்குது. 5,000-ஆ இருந்ததை 8,000 ஆக்குறதா 2023 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. 8,000-ஐ 61-ஆல வகுங்க. ஒரு குடும்பம் மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு 131 ரூபாய்.

நான் ஃபேர்வெல் மெசேஜ் போட்டது ஏப்ரல் 16. தடை ஆரம்பிச்ச மறுநாள். நான் வேணும்னு பண்ணலை, எனக்கு அது தோணவே இல்லை. அதுதான் தப்பு. மீமிசல்ல படிச்சுக்கிட்டு, மதியம் ஹாஸ்டல் மெஸ்ல "இன்னைக்கும் மீன் இல்லையா?"ன்னு அலுத்துக்கிட்டு, அது ஏன் இல்லைன்னு யோசிக்காம இருந்தேன்.

அவன் பேருக்கு டிக் இல்லை. தனியா மூணு தடவை மெசேஜ் பண்ணேன். மூணாவது தடவை, "மாப்ள, உன்னால லிஸ்ட் க்ளோஸ் ஆகாம நிக்குது"ன்னு போட்டேன். அடுத்த நாள் அவன் வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. நாலு நாள். நடுவுல ஒரு இன்டர்னல் டெஸ்ட் போச்சு. அஞ்சாம் நாள் வந்தான், 500 ரூபாயை நோட்டாவே குடுத்தான், நான் டிக் போட்டேன். "எங்கடா போன?"ன்னு கேட்டதுக்கு "ஃபீவர்"னான்.

ஃபேர்வெல் அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து பிரியாணி சாப்பிடும்போதுதான் பார்த்தேன், நகக்கண்ணுல எல்லாம் பெயின்ட். தடைக்காலத்துல விசைப்படகை எல்லாம் கரையேத்தி மராமத்து பார்த்து பெயின்ட் அடிப்பாங்க. அந்த வேலைக்குப் போயிருக்கான். பேர் தெரியாத சீனியர் அண்ணனுக்கு ஷீல்டும், டிஜேவும், ஸ்மோக் மெஷினும் வாங்குறதுக்காக, ஒருத்தன் நாலு நாள் கிளாஸை விட்டு வெயில்ல நின்னு படகுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான். அந்த டெஸ்ட்டுல அவனுக்கு ஆப்சென்ட். அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேல நூல் கணக்குல தப்பிச்சான்.

எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு கதை. எனக்குத் தெரியாம டிக் வாங்கினவங்க எத்தனை பேர்னு தெரியாது. அம்மாவோட சீட்டுக்காசு, தங்கச்சி உண்டியல், பக்கத்து ரூம்ல கைமாத்து. எல்லாத்துக்கும் என் லிஸ்ட்ல ஒரே பச்சை டிக்தான்.

கடற்கரை மட்டும் இல்லை

"மீனவப் பசங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துடலாமே?"ன்னு கேக்காதீங்க. ஆவுடையார்கோவில் பக்கத்துல இருந்து வர்றவங்களைக் கேளுங்க. கண்மாய்த் தண்ணியை நம்பி ஒரு போகம். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்தினா அதுவும் இல்லை. தை, மாசியில அறுத்து வந்த காசு பங்குனிக்குள்ள வட்டிக்கும் உரக்கடை பாக்கிக்கும் போயிரும். சித்திரையில அந்த வீட்டுலயும் கை காலிதான்.

"அவனுக்கு என்னப்பா, அத்தா சவுதியில"ன்னு சொல்றோமே, அங்கயும் விசாரிச்சுப் பாருங்க. விசாவுக்கு வாங்கின கடன் அடையவே ரெண்டு வருஷம் ஆகுது. கையில பெரிய ஃபோன் இருக்கும், அது அத்தா லீவுல வரும்போது கொண்டு வந்தது. ஃபோனை வச்சு வீட்டை எடை போடாதீங்க.

சுருக்கமா சொன்னா, நம்ம காலேஜுக்கு வர்ற பல வீட்டுல மாசம் ஒண்ணாம் தேதின்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காலண்டர். நாம மட்டும் எல்லாருக்கும் ஒரே தேதி, ஒரே தொகை வைக்கிறோம். "எல்லாருக்கும் சமம்"னு அதுக்குப் பேர் வேற. 131 ரூபாய்ல ஒரு நாளை ஓட்டுற வீட்டுக்கு 500-ங்குறது ஏறக்குறைய நாலு நாள். இன்னொரு வீட்டுக்கு அது ஞாயித்துக்கிழமை மட்டன். தொகை சமம்தான், பாரம் சமம் இல்லையே.

ஊருக்குத் தெரியுது, நமக்குத் தெரியலை

இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம மாவட்டத்துல பொதுவா காசு சேர்க்குறதுக்கு நல்ல நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கு.

மொய் விருந்தை எடுத்துக்குங்க. கீரமங்கலம், வடகாடு, அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஆடி மாசம் வந்தா பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குறாங்க. அங்க யாராவது "தலைக்கு 500"ன்னு போர்டு வைக்கிறாங்களா? ஒருத்தர் 500 எழுதுவார், இன்னொருத்தர் 50,000 எழுதுவார். இலை ஒண்ணுதான். மொய் ஒரு வகையில கடன்தான், திருப்பிச் செய்யணும், அதுல சிக்கலும் உண்டு. ஆனா ஆளாளுக்கு நிலைமை வேறங்குறதை அந்த நோட்டு ஒத்துக்குது.

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுற ஊர்லகூட, கைம்பெண் வீடுன்னா பாதி வரி, இல்லை வரியே வேணாம்னு விடுற வழக்கம் பல கிராமத்துல இருக்கு. முஸ்லிம் நண்பர்கள்கிட்ட கேட்டா ஜகாத் பத்திச் சொல்லுவாங்க. குறிப்பிட்ட அளவுக்கு மேல சொத்து இருந்து, அது ஒரு வருஷம் கையில நின்னாத்தான் கடமை. அதுவும் அதுல இரண்டரை சதவீதம். இல்லாதவங்க குடுக்க வேண்டியது இல்லை, வாங்கிக்க உரிமை இருக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத நம்ம தாத்தா பாட்டி காலத்துல இருந்து நடக்குற விஷயம் இது. நாலு வருஷம் ஆப்டிமைசேஷன் படிக்கிற நாம "மொத்தச் செலவு வகுத்தல் ஆட்களின் எண்ணிக்கை"ன்னு அஞ்சாங்கிளாஸ் கணக்குலயே நின்னுட்டோம்.

நீங்க கேக்கப் போறது

"சரி, இஷ்டப்பட்டதைக் குடுன்னா எவனும் குடுக்க மாட்டான். ஓசியில சாப்பிடுறவன் கூடிருவான்." இதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அதனால இந்தப் பொங்கலுக்கு எங்க கிளாஸ்ல ஒரு சோதனை பண்ணிப் பார்த்தோம். 52 பேர். பழைய கணக்குப்படி தலைக்கு 100, மொத்தம் 5,200 வந்திருக்கணும். இந்தத் தடவை ஆளுக்கு ஒரு வெள்ளைக் கவர் குடுத்தோம். முடிஞ்சதை வைங்க, முடியலைன்னா சும்மா ஒட்டிப் போடுங்க, பேர் எழுதாதீங்கன்னு சொன்னோம். எல்லாரும் கவரைப் பெட்டியில போட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா ஒண்ணுல 500, சிலதுல 200, நிறைய 100, 50. சில கவர் காலி. கூட்டினா 4,640 ரூபாய்.

560 ரூபாய் குறைச்சல்தான், மறைக்கலை. காலிக் கவர் போட்டவங்கள்ல வசதி இருந்தும் போட்டவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும். 560 குறைஞ்சதால சவுண்ட் செட் வாடகையை விட்டோம். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டோம், உறியடிச்சோம், பொங்கல் கொஞ்சம் அடிப்பிடிச்சுச்சு, சாப்பிட்டோம். சவுண்ட் செட் எங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை. முக்கியமா, அன்னைக்கு 52 பேரும் வந்திருந்தோம். போன வருஷம் 100 ரூபாய் கலெக்‌ஷன் முடிஞ்சும் 41 பேர்தான் வந்தோம். மிச்சப் பேர் ஏன் வரலைன்னு போன வருஷம் நான் கேக்கவே இல்லை.

"ஃபேர்வெல்லுக்கு இது ஒத்து வருமா? அது பெரிய பட்ஜெட்டாச்சே"ன்னு அடுத்த கேள்வி. பட்ஜெட்டை முதல்ல போட்டுட்டு அதை வகுக்குறதுதான் பிரச்சினையே. முதல்ல கவர், அப்புறம் பட்ஜெட். 20,000 வந்தா பிரியாணி. 10,000 வந்தா தக்காளி சாதம், முட்டை. ஜூனியர்ஸ், நல்லாக் கேட்டுக்குங்க: இந்த வருஷம் ஃபேர்வெல் எங்களுக்குத்தான். எங்களுக்கு ஷீல்டு வேணாம். ஸ்மோக் மெஷின் சத்தியமா வேணாம். ஏசி ஹால் வேணாம், செமினார் ஹால் போதும்.

செய்ய வேண்டியது

எல்லா கிளாஸ் ரெப்புகளுக்கும் நாலு விஷயம். இதுக்கு பிரின்சிபால் கையெழுத்து தேவையில்லை, சர்க்குலர் தேவையில்லை.

முதல்ல, லிஸ்ட்டை நிறுத்துங்க. யார் குடுத்தா, யார் குடுக்கலைங்குறது குரூப்புக்கு வரவே கூடாது. மொத்தம் எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சுங்குற கணக்கு மட்டும் பில்லோட வரணும். பணத்துக்குக் கணக்கு வேணும், ஆளுக்குக் கணக்கு வேணாம்.

ரெண்டாவது, ஏப்ரல் 15-க்கு அப்புறம் எந்தக் கலெக்‌ஷனும் வேணாம். ஃபேர்வெல்லை பிப்ரவரியிலயே, இல்லைன்னா மார்ச் முதல் வாரத்துல வச்சுக்கலாம். அறுவடை முடிஞ்சிருக்கும், படகு கடல்ல இருக்கும். நோன்பு மாசம் அதுல வந்தா சாப்பாட்டை இஃப்தார் நேரத்துக்கு மாத்திக்கலாம், எல்லாரும் சேர்ந்தே சாப்பிடலாம்.

மூணாவது, டி-ஷர்ட் கட்டாயம் இல்லைன்னு மெசேஜ்ல எழுதினா மட்டும் போதாது. "டி-ஷர்ட் போட்டவங்க மட்டும் குரூப் போட்டோவுக்கு வாங்க"ன்னு கூப்பிட்டா அது கட்டாயம்தான். போட்டோவுக்கு எல்லாரும் கலர் சட்டை போட்டு வரலாம். கலர் எது வேணா இருக்கட்டும்.

நாலாவது, தனி மெசேஜ் பண்ணாதீங்க. "உன்னால நிக்குது"ங்குற வார்த்தையை யாருக்கும் அனுப்பாதீங்க. நான் அனுப்பினேன். அதை டெலீட் பண்ணாம இன்னும் என் ஃபோன்ல வச்சிருக்கேன், ஞாபகத்துக்கு.

நம்மள்ல நிறைய பேர் வீட்டுல முதல் பட்டதாரி. நம்மளை இந்த கேட்டுக்குள்ள கொண்டு வர 2010-ல இருந்து முதல் பட்டதாரி சலுகை இருக்கு. அரசுப் பள்ளிப் பசங்களுக்கு 2021-ல 7.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பொறியியல் படிப்புக்கும் கொண்டு வந்து, படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏத்துக்குது. காசு இல்லைங்குறதுக்காக யாரும் வெளிய நிக்கக் கூடாதுன்னு இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் யோசிச்சிருக்காங்க. உள்ள வந்ததுக்கு அப்புறம் ஒரு பிரியாணிக்காக நாமளே ஒருத்தனை வெளிய நிறுத்துறோம்.

கடைசியா, டிக் இல்லாத உனக்கு. நீ இதைப் படிக்கிறேன்னு எனக்குத் தெரியும். அடுத்த தடவை கவர் வந்தா காலியா ஒட்டிப் போடு. ஃபீவர்னு சொல்லிட்டு வீட்டுல இருக்காதே. கிளாஸுக்கு வா, டெஸ்ட் எழுது, ஃபேர்வெல்லுக்கும் வா. எனக்குப் பக்கத்துல ஒரு சீட் பிடிச்சு வைக்கிறேன்.